பூட்டிக் கிடந்த கம்ப்யூட்டர் அறை

(நம் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் நடுநடுவே வந்த இருமலை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "எதைப் பத்தி வேணும்னாலும் பேசுப்பா. அரசியல் வேணாம், உடம்புக்கு முடியலைங்கறதும் வேணாம்" என்றார். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் நம் வயசில் பேச என்ன மிச்சம் என்று யோசித்தேன். ஒன்று இருந்தது. கடந்த ஒன்றரை வருஷமாகச் சனிக்கிழமை தோறும் நான் எங்கே போகிறேன் என்று என் வீட்டம்மாவே சந்தேகப்பட்டுக் கேட்கிறார். அதைச் சொல்கிறேன்.

திருவொற்றியூருக்கும் கத்திவாக்கத்துக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், அம்மா மீன் விற்கிறவர் அல்லது எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். 2024 ஜூனில் என் பேத்திக்குத் தெரிந்த ஒரு டீச்சர் மூலமாக அங்கே போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரும்புக் கதவு, திண்டுக்கல் பூட்டு. கதவுக்கு மேலே 'கணினி ஆய்வகம்' என்று நல்ல பெயின்ட்டில் எழுதியிருந்தது. சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

உள்ளே 20 கம்ப்யூட்டர். ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் வாங்கிக் கொடுத்தது. திறப்பு விழா அன்று எடுத்த போட்டோ சுவரில் இருக்கிறது, ரிப்பனும் குத்துவிளக்குமாக. மூன்று வருஷம் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தது. அது முடிந்ததும் சர்வீஸ்காரர் வருவது நின்றது. கம்ப்யூட்டர் தெரிந்த டீச்சர் மாற்றலாகிப் போனார். பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று. அப்புறம் கொரோனா, இரண்டு வருஷம் பூட்டு. அதற்கு மேல் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அந்த மழையில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததை நீங்கள் எல்லாரும் டி.வி.யில் பார்த்தீர்கள், நாங்கள் வாசலில் பார்த்தோம். ஆய்வகத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். தரையில் வைத்திருந்த 6 சிபியூவும் யு.பி.எஸ். பேட்டரிகளும் அதோடு முடிந்தன.

மிச்சம் 14. அதில் 9 ஸ்டார்ட் ஆகவில்லை. நம் கடற்கரைக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்பு ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம். ராயபுரத்தில் என் மாமியார் வீட்டில் இரும்பு ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்தும் கம்பி பென்சிலாக இளைத்துப் போயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் தப்புமா? நான் 36 வருஷம் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் இருந்தவன். மூடியைக் கழற்றி, மெமரி கார்டுகளை எடுத்து, அதன் பித்தளை நிறப் பல்லைப் பள்ளிப் பிள்ளையிடம் வாங்கிய பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன். 9-ல் 5 உயிர் வந்துவிட்டன. இதற்கு நான் எந்த இன்ஜினியரிங்கும் படிக்கவில்லை. அந்த எட்டாம் வகுப்புப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சர்வீஸில் எந்த ஜி.எம்.மும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் உயிர் வந்தால் போதுமா? திரையில் லைசென்ஸ் முடிந்தது என்று ஒரு அறிவிப்பு, வைரஸ் தடுப்புக்குப் பணம் கட்டு என்று ஒரு அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தெரியாத பாஸ்வேர்டு. அங்கேதான் நான் இன்றைக்குப் பேச வந்த விஷயம் தொடங்குகிறது.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆலையில் வெளிநாட்டு மிஷின் வந்தால், கூடவே ஒரு மரப்பெட்டியில் டிராயிங் வரும். நீல நிறத் தாள். எந்த ரிலே எங்கே, எந்த ஒயர் எதற்கு, எல்லாம் அதில் இருக்கும். பார்ட் கிடைக்காவிட்டால் எங்கள் ஃபோர்மேன் டிராயிங்கை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போவார், மறுநாள் மிஷின் ஓடும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் கன்ட்ரோல் வைத்த பேனல் ஒன்று வந்தது. டிராயிங் இல்லை. உள்ளே இருக்கிற புரோகிராமுக்குப் பாஸ்வேர்டு. ஒரு தடவை நின்றுபோய், பம்பாயிலிருந்து ஆள் வருகிற வரைக்கும் 4 நாள் லைன் நின்றது. வந்தவர் லேப்டாப்பைச் சொருகி ஒரு எண்ணை மாற்றினார். 10 நிமிஷம். அந்த எண் எது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் ஹெல்பரே மாற்றியிருப்பான்.

கட்டற்ற மென்பொருள், ஓப்பன் சோர்ஸ் என்று பிள்ளைகள் சொல்வது வேறு ஒன்றுமில்லை. டிராயிங்கோடு வருகிற மென்பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், திருத்தலாம், காப்பி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். சட்டப்படியே கொடுக்கலாம். ஓசியில் கிடைப்பது அதன் ஒரு சௌகரியம், அவ்வளவுதான். இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கருக்கு 1980 வாக்கில் என்ன பிரச்னை தெரியுமா? அவர் வேலை பார்த்த எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் பிரிண்டர் அடிக்கடி பேப்பர் சிக்கி நின்றது. சிக்கினால் சேதி சொல்கிற மாதிரி புரோகிராமைத் திருத்தலாம் என்று பார்த்தார். அதன் மூலநிரலை வைத்திருந்தவர், 'தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்' என்று சொல்லிவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் தன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸின் கருவை எழுதி வெளியே விட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைக்குப் பிள்ளைகள் பயன்படுத்துகிற லினக்ஸ். நம் கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அந்தக் கருதான் ஓடுகிறது.

நம் மாநிலத்துக்கும் இது புதுசு இல்லை. எல்காட் நிறுவனத்தின் தலைமையில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது, 2007 வாக்கில், அரசுப் பள்ளிகளுக்கு சூசே லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்கள் போயின. அதே 2007-ல் நம் சென்னையிலிருக்கும் சி-டாக் மையம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கருவிகளில் விண்டோஸும் பாஸும் இரண்டும் இருந்தன. என்ன ஆயிற்று? எங்கள் தெருவில் லேப்டாப் வாங்கிய பையன்கள் முதல் வாரமே செல்போன் கடைக்குப் போய், 200 ரூபாய் கொடுத்து பாஸை அழித்துத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அது என்ன, எதற்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பொருள் வந்தது, ஆள் வரவில்லை.

பக்கத்திலேயே கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கினார்கள். வெளியிலிருந்து டெக்னீஷியனைக் கூப்பிடாமல், பள்ளி ஆசிரியர்களிலேயே ஆர்வமுள்ளவர்களை எடுத்துப் பயிற்சியாளர்களாக ஆக்கினார்கள். மற்ற ஆசிரியர்களுக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பு, பாடப் புத்தகமும் அதை ஒட்டியே, பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதிலேயே. 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழுக்களையும் ஏற்படுத்தினார்கள். சுமார் 2,000 பள்ளிகள், லட்சம் பிள்ளைகளுக்கு மேல். பள்ளியில் புரொஜெக்டர் நின்றால் முதலில் ஓடி வருவது அந்தப் பிள்ளைகள்தான். மலையாளி செய்தால் நாம் டீக்கடையோடு நிறுத்திப் பாராட்டுகிறோம், இதையும் கொஞ்சம் பாராட்டலாம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அதில் நான் செய்த தப்பையும் சொல்லியாக வேண்டும்.

பேத்தியோடு இன்ஜினியரிங் படித்த நாலு பேர் லினக்ஸ் குழுவில் இருப்பவர்கள். சென்னையில் அப்படி ஒரு குழு தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது, பல வருஷம் ஐ.ஐ.டி.யில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடினார்கள். காஞ்சிபுரத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று. கட்டணம் கிடையாது, சான்றிதழ் கிடையாது, டீ மட்டும் உண்டு. இந்த நாலு பேரும், "தாத்தா, ஒரு வீக்எண்ட்ல முடிச்சிடலாம்" என்றார்கள். நானும் ஷட்டவுன் வேலை பார்த்தே பழகியவன், மளமளவென்று முடித்தால்தான் எனக்குத் திருப்தி. 2024 ஜூலையில் சனி ஞாயிறு இரண்டு நாள். மீன் குழம்புச் சாப்பாடு என் வீட்டிலிருந்து. 10 கம்ப்யூட்டரிலும் பழசை அழித்து லினக்ஸ் போட்டோம். ஞாயிறு சாயங்காலம் எல்லாத் திரையும் பளபளவென்று எரிந்தபோது போட்டோ கூட எடுத்துக்கொண்டோம். சுவரில் இருக்கிற அந்தத் திறப்பு விழா போட்டோ மாதிரியே இருந்தது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

திங்கட்கிழமை 10 மணிக்கு ஹெச்.எம். அம்மாவிடமிருந்து போன். "சார், கொஞ்சம் வர முடியுமா?" குரல் சரியில்லை.

ஆய்வகத்தின் ஓரத்து கம்ப்யூட்டர் ஒன்று ஆபீஸ் வேலைக்காகத் தனியாக வைத்தது. பத்து வருஷக் கேள்வித்தாள்கள், சுற்றறிக்கைகள், மாற்றுச் சான்றிதழ் மாதிரிகள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தட்டச்சு செய்து வைத்திருந்த பாடக் குறிப்புகள் எல்லாம் அதில். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. பேக்கப் எடுத்தோமா? இல்லை. 36 வருஷம், ஒரு ஃபியூஸைக் கழற்றும் முன்னால் பர்மிட் எழுதிக் கையெழுத்து வாங்கியவன் நான். பள்ளிக்கூடம்தானே என்று அலட்சியம், அவ்வளவுதான்.

ஹெச்.எம். அம்மா கத்தவில்லை. "நீங்க நல்லது செய்யத்தான் வந்தீங்க" என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம்.

அந்த நாலு பேரில் ஒரு பெண், அதிகம் பேசாதவள், "அந்த மிஷினை யாரும் ஆன் பண்ணாதீங்க, தாத்தா" என்றாள். அழித்த டிஸ்க்கிலிருந்து கோப்பு மீட்கிற 'ஃபோட்டோரெக்' என்று ஒரு கட்டற்ற மென்பொருள் உண்டு. கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. அதை ஓடவிட்டாள், ராத்திரி முழுக்க ஓடியது. புது லினக்ஸ் மேலே எழுதிய பகுதி போனது போனதுதான். எழுதாத இடங்களிலிருந்து நூற்றுக்கணக்கில் கோப்புகள் வந்தன. ஆனால் அந்த மென்பொருள் பெயரை மீட்காது, கோப்பை மட்டும்தான் மீட்கும். எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான் பெயர். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைக்க வேண்டும். திறந்தால் தமிழும் இல்லை. எழுத்துரு பழைய காலத்துது, அது இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. 2010-ல் அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் பல அலுவலகங்கள் பழைய எழுத்துருவிலேயே ஓட்டின என்பது அரசு வேலை பார்த்த நம் நண்பர்களுக்குத் தெரியும்.

இதற்கும் ஏற்கெனவே யாரோ விடை எழுதி வைத்திருந்தார்கள். 'ஓப்பன் தமிழ்' என்று பைத்தான் மொழியில் ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது, அமெரிக்காவிலும் இங்கேயும் இருக்கிற தமிழர்கள் சேர்ந்து எழுதியது. பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றும். அதை வைத்து மாற்றினோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர், மதிய இடைவேளையில் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் திறப்பது, வாசிப்பது, 'ஏழாம் வகுப்பு அரையாண்டு அறிவியல்' என்று பெயர் வைப்பது என்று ஆறு வாரம் வேலை பார்த்தார்கள். நடுநடுவே பழைய கேள்வித்தாளில் தப்புக் கண்டுபிடித்துச் சிரிப்பு வேறு. ஏறக்குறைய முக்கால்வாசி திரும்பி வந்தது. தமிழாசிரியரின் பாடக் குறிப்புகளில் பாதிக்கு மேல் வரவில்லை. அவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். "பரவால்ல, மனசுல இருக்கு" என்றார். காபி கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

அதற்கப்புறம் மெதுவாகச் செய்தோம். முதல் வேலையாக, 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி ஆய்வக மேஜையில் கயிறு போட்டுக் கட்டினேன். நம் ஆலைகளில் ஷிப்ட் லாக் புக் மாதிரி. தேதி, எந்த கம்ப்யூட்டர், என்ன கோளாறு, யார் பார்த்தது, என்ன செய்தது. பிள்ளைகள் எழுதுவார்கள். ஆரம்பத்தில் 'வேலை செய்யல' என்று எழுதினார்கள். அது கோளாறு இல்லை, புலம்பல். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் எழுத வேண்டும், கடைசியாக என்ன செய்தபோது நின்றது என்றும் எழுத வேண்டும் என்று பழக்கினோம். இதில் ஒரு ரகசியம் உண்டு. கட்டற்ற மென்பொருள்காரர்கள் முகம் தெரியாதவர்களுக்கும் உதவுகிறவர்கள், ஆனால் புலம்பலுக்குப் பதில் வராது. திரையில் வந்த வாசகத்தை அப்படியே அனுப்பினால் விடை வரும்.

எங்களுக்கு வந்தது. ஜெராக்ஸ் கடைகளில் எல்லாம் இருக்கிற சின்ன லேசர் பிரிண்டர் ஒன்று ஆபீஸில் இருந்தது. லினக்ஸோடு ஒட்டவே ஒட்டாது. ஸ்டால்மனுக்கும் பிரிண்டர், எங்களுக்கும் பிரிண்டர். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆபீஸ் கிளார்க், "அண்ணே, இதுக்குத்தான் பழசே இருக்கட்டும்னேன்" என்று தினம் ஒரு தடவை சொல்வார். கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் லாக் புக்கில் எழுதியிருந்ததை அப்படியே அனுப்பினோம். நாங்கள் கண்ணால் பார்த்திராத ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், ராத்திரி 11 மணிக்கு மேல் பதில் போட்டிருந்தார். நாலு வரி. மறுநாள் காலை பிரிண்டர் ஓடியது. அவருக்கு என்ன கைமாறு செய்வது என்று கேட்டதற்கு, "விடையை உங்க நோட்டுல எழுதி வையுங்க, அடுத்த ஸ்கூலுக்கும் சொல்லுங்க" என்றார்.

ஹார்ட் டிஸ்க் போன 5 கம்ப்யூட்டருக்கு டிஸ்க் வாங்கப் பணம் இல்லை. 'எல்.டி.எஸ்.பி.' என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஒரே கம்ப்யூட்டரைத் தலைமையாக வைத்துக்கொண்டு, மற்றவை டிஸ்க்கே இல்லாமல் ஒயர் வழியாக அதிலிருந்து எழுந்துகொள்ளும். ஒரு ஜெனரேட்டரிலிருந்து பல வீட்டுக்கு லைன் இழுக்கிற மாதிரி. 1999-ல் ஒரு அமெரிக்கர் தொடங்கினார், 2019-ல் கிரேக்க நாட்டு ஆசிரியர் ஒருவர் தன் ஊர்ப் பள்ளிகளுக்காக அதை முழுசாகத் திரும்ப எழுதினார். கிரேக்க நாட்டில் எவரோ ஒரு வாத்தியார் தன் பள்ளிக்கூடத்துக்காகச் செய்தது எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடுகிறது. எங்களுக்கு ஆன செலவு, ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு வேகமான நெட்வொர்க் ஸ்விட்சும் கேபிளும்தான். பழைய ஸ்விட்சில் ஓட்டிப் பார்த்தோம், மாட்டுவண்டி. சி.பி.யூக்களைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஆங்கிள் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டோம். வெல்டிங் செய்தது நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் பட்டறை. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், இத்தனை பாடுபட்டு என்ன ஆயிற்று, பிள்ளைகள் பரீட்சையில் மார்க் வாங்கினார்களா என்று. தெரியாமல் பெருமை பேசமாட்டேன். தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், அதிலும் லினக்ஸ்தான். 2012-ல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மார்க் ஏறவில்லை என்று சொல்லிற்று. கருவி கொடுத்தால் மார்க் வராது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடத்தில் 2019-லிருந்து பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் இருக்கின்றன. இரண்டுமே கட்டற்ற மென்பொருள்தான், பைசா செலவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் எழுதுவார்கள், விடையையும் எழுதுவார்கள், டீச்சர் டிக் போடுவார். ஒரு புரோகிராம்கூட ஓடிப் பார்த்ததில்லை. ஒரு பெண், அப்பா காசிமேட்டில் படகுக்குப் போகிறவர், அம்மா இல்லை. நோட்டில் எழுத்து முத்து மாதிரி இருக்கும். அவளை முதல் தடவையாக கம்ப்யூட்டரில் தட்டச் சொன்னோம். எர்ரர் வந்தது. திரும்பத் தட்டினாள், திரும்ப எர்ரர். "தாத்தா, இது நோட்ல கரெக்டா வந்துச்சே" என்றாள். கண் கலங்கிவிட்டது. நோட்டில் எந்தப் புரோகிராமும் தப்பாகாதம்மா என்றேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஒரு வரி கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும், அவ்வளவுதான் கோளாறு. அதை அவளே கண்டுபிடித்தாள், நான் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் தெரியாது. விடை வந்ததும் திரும்பத் திரும்ப ஓட்டினாள், ஏழெட்டுத் தடவை, ஒரே விடைதான், இருந்தாலும்.

இப்போது அவள்தான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எர்ரர் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். மைஎஸ்க்யூஎல்லுக்கு கணியம் குழுவினர் 'எளிய தமிழில்' என்று இலவசப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' என்று சின்னச் சின்ன வீடியோப் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. அதைப் போட்டுவிட்டு அவர்களே பார்க்கிறார்கள். சின்ன வகுப்புகளுக்கு 'ஜிகாம்ப்ரி' என்று விளையாட்டுத் தொகுப்பு. பிரெஞ்சில் 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று அர்த்தமாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை 'ஜிகிரிபிரி' என்கிறார்கள்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றினான் என்று சொல்லக்கூடாது. இந்த முறையில் திட்டுவதற்கு ஆள் கிடையாது. ஒப்பந்தக்காரர் என்றால் லெட்டர் போடலாம், பணத்தை நிறுத்தலாம். தொண்டு செய்கிறவனுக்கு வேலை கிடைத்தால் பெங்களூர் போய்விடுவான். எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்த அதிகம் பேசாத பெண் சனிக்கிழமைகளில் போனில் மட்டும் வருகிறாள். பள்ளி ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் இன்னும் பழைய விண்டோஸ்தான் இருக்கிறது, கிளார்க்கின் பிடிவாதத்துக்காக. அதை நான் இப்போது தோல்வியாக நினைப்பதில்லை. அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, நிம்மதியாக இருக்கட்டும்.

இதை இன்றைக்கு ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பு பழைய கம்ப்யூட்டர்களில் ஏறாது. நம் வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எத்தனை பள்ளிகளில் நல்ல கம்ப்யூட்டர்கள் 'பழசு' என்ற முத்திரையோடு மூலைக்குப் போகப் போகின்றனவோ. புதுப்பேட்டைக்கு எடைக்குப் போகும் முன்னால் யாராவது போய் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அவற்றில் லினக்ஸ் ஓடும். ஆனால் தயவுசெய்து, எங்களைப் போல ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்காதீர்கள். முதலில் யாருடைய கோப்பு எதில் இருக்கிறது என்று பியூனிலிருந்து ஹெச்.எம். வரை கேளுங்கள். இரண்டே கம்ப்யூட்டரில் தொடங்குங்கள். ஒரு டீச்சராவது 'இது என்னுடையது' என்று சொல்கிற வரைக்கும் மூன்றாவதைத் தொடாதீர்கள்.

நம் சங்கத்திடம் பணம் கேட்கவில்லை. பொருளாளர் நிம்மதியாக மூச்சு விடலாம். நம்மில் எலக்ட்ரீஷியன் இருக்கிறார், துறைமுகத்தில் கிரேன் மெயின்டனன்ஸ் பார்த்தவர் இருக்கிறார், ஓ.எம்.ஆரில் பெரிய கம்பெனியில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். பக்கத்து இரண்டு பள்ளிகளின் ஹெச்.எம்.கள் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றில் 12 கம்ப்யூட்டர், இன்னொன்றில் எத்தனை என்று தெரியவில்லை, அங்கேயும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை 10 மணி. விம்கோ நகர் மெட்ரோ வாசலில் நான் நிற்பேன். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும், பழைய பெயின்ட் பிரஷ்ஷும், ஒரு பென்சில் ரப்பரும் கொண்டு வாருங்கள். ரப்பர் புதுசாக இருக்கட்டும், என்னுடையது தேய்ந்துவிட்டது.